சொல்லக் கூடாத ஒரு ஆபரேஷன்

நம்ம ஊரில் ஆபரேஷன் என்பது ரகசியமான விஷயமே கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் திருமங்கலம் தாண்டுவதற்குள் தன் பைபாஸ் கதையை முடித்திருப்பார். "மூணு அடைப்பு தம்பி. டாக்டரே பயந்துட்டாரு" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும். பித்தப்பையில் எடுத்த கல்லை பாட்டிலில் போட்டு ஷோகேஸில் வைத்திருக்கும் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். சிசேரியன், மூட்டு மாற்று, கண்புரை, மூலம் வரை எல்லாவற்றையும் ஸ்கேன் ஃபைலோடு விவரிப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ், ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவதே நமக்கு ஒரு சமூகக் கடமை.

ஒரே ஒரு ஆபரேஷனை மட்டும் யாரும் இப்படிச் சொல்வதில்லை. எடை குறைப்பதற்காகச் செய்துகொள்ளும் பேரியாட்ரிக் ஆபரேஷன். அதைச் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் வாயையே திறப்பதில்லை. கேட்டால் "வாக்கிங் போறேன், ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டேன்" என்பார்கள். ஏன் மறைக்கிறார்கள், மறைப்பதால் என்ன ஆகிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். என் பெரிய அத்தைக்கு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. அவரிடம் கேட்டுவிட்டேன். "எழுது தம்பி. பேரு மட்டும் போடாத" என்றார். அதனால் அத்தை, மாமா என்றே எழுதுகிறேன்.

அத்தைக்கு அப்போது வயது 46. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், எடை 118 கிலோ. உயரத்துக்கும் எடைக்கும் கணக்குப் போட்டு வரும் பி.எம்.ஐ. என்கிற எண் அவருக்கு 49 இருந்தது. நம்ம ஊர் உடல்வாகுக்கு 25 தாண்டினாலே உடல் பருமன் என்பது இந்திய டாக்டர்கள் வைத்திருக்கும் அளவு. சுகருக்கு மாத்திரையும் இன்சுலினும் போய்க்கொண்டிருந்தது. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வரும். அத்தை வீட்டில் தங்கினால் அந்தக் குறட்டைக்கு நடுவே வரும் நிசப்தம்தான் எனக்குப் பயமாக இருக்கும். முழங்கால் வலி தனி.

அவர் முயற்சி செய்யாமல் இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. கொள்ளுக் கஞ்சி, கருஞ்சீரகத் தண்ணீர், விடியற்காலை நடை, ஆயுர்வேதப் பொடி எல்லாம் ஆனது. பேலியோ வந்த புதிதில் எட்டு மாதம் சோறே தொடாமல் இருந்து 14 கிலோ குறைத்தார். அடுத்த ஒன்றரை வருடத்தில் 17 கிலோ ஏறியது. 14 குறைந்தபோது பாராட்டியவர்கள் எல்லாம், 17 ஏறியபோது "வாயைக் கட்ட முடியலை" என்றார்கள்.

2022-ல் அத்தைக்கு ஆபரேஷன் நடந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லப்பட்டது என்னவோ, "பித்தப்பையில் கல், லேசர்ல எடுத்துட்டாங்க". எனக்கும் அதுதான் சொல்லப்பட்டது. நாங்களும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். (வேகமாக எடை குறைபவர்களுக்குப் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு உண்மையிலேயே அதிகம். பொய்க்குத் தேர்ந்தெடுத்த நோய் அப்படி.)

அத்தைக்குச் செய்தது இரைப்பை பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பையாகத் தனியே பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். சாப்பாடு மிச்ச இரைப்பைக்கும் சிறுகுடலின் முதல் பகுதிக்கும் போகாது. ஸ்லீவ் என்று இன்னொரு வகை உண்டு. அதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாயாக விட்டுவிடுவார்கள். பைபாஸ் ஒன்றும் நேற்று வந்த ஃபேஷன் இல்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் முதலில் செய்தது 1966-ல். இதய மாற்று அறுவை சிகிச்சைக்கே அதற்கு அடுத்த வருடம்தான் பிள்ளையார் சுழி போட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்தில் அத்தை 41 கிலோ குறைந்தார். இன்சுலின் நின்றது. குறட்டை நின்றது. ஆனால் பொய் மட்டும் நிற்கவில்லை. அது வளர ஆரம்பித்தது.

முதல் சிக்கல் பந்தியில் வந்தது. மாமா பக்கம் ஒரு கல்யாணம். நம்ம பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்று இலையை மறைத்தால்தான் இரண்டு கரண்டி அதிகம் வைப்பார்கள். அத்தை மூன்று வாய் சோறு சாப்பிட்டு நிறுத்தியதும், அவர் நாத்தனார் வந்து நின்று, "என்ன மதினி, எங்க வீட்டுச் சாப்பாடு இறங்கலையா?" என்று கேட்டு ஒரு ஜாங்கிரியை வைத்துவிட்டுப் போனார். மறுக்கக் காரணம் சொல்ல முடியாது. சுகர் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் "சுகர்தான் குறைஞ்சிடுச்சுல்ல" என்பார்கள். அத்தை ஜாங்கிரியைச் சாப்பிட்டார், கொஞ்சம் பாயசமும் குடித்தார். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு சட்டென்று சிறுகுடலில் போய் விழும். வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். இதற்கு டம்பிங் என்று பெயர். மணமகள் அறையில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தார். வெளியில் "பிரஷர்" என்று சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டாவது சிக்கல் மாத்திரை. பைபாஸ் செய்தவர்கள் வாழ்நாள் முழுக்க இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும். உணவின் பாதை மாறியதால் உடம்பு இவற்றைச் சரியாக உறிஞ்சாது. அத்தை அந்த டப்பாக்களைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். மகள் பிரசவத்துக்காக இரண்டு மாதம் சம்பந்தி வீட்டில் தங்க வேண்டி வந்தபோது, யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று அவற்றை எடுத்துப் போகவே இல்லை.

மூன்றாவதுதான் பெரியது. அங்கே மாடிப்படி ஏறி இறங்கி முழங்கால் வலி. பக்கத்தில் இருந்த டாக்டரிடம் சம்பந்தி அம்மாவே கூட்டிப் போனார். "முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்காம்மா?" என்று அந்த டாக்டர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பக்கத்தில் சம்பந்தி அம்மா. அத்தை "பித்தப்பை" என்றார். டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாதாரணமாக மூட்டு வலிக்கு எல்லோருக்கும் கொடுப்பதுதான். ஆனால் பைபாஸ் செய்தவர்கள் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது அடிப்படை விதி. சின்னப் பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வந்துவிடும்.

மூன்று வாரம் கழித்து மலம் கருப்பாகப் போனது. அத்தை அதையும் சொல்லவில்லை. மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஹீமோகுளோபின் 6.4. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாங்கள் ஏழெட்டு பேர் நின்றோம். எண்டோஸ்கோபி செய்த டாக்டர் வெளியே வந்து, "இவங்களுக்கு பைபாஸ் பண்ணியிருக்கே, யாரும் ஏன் சொல்லலை?" என்று கேட்டார். "இருதயத்துலயா?" என்று என் அப்பா கேட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் எங்கள் குடும்பத்துக்கு விஷயம் தெரிந்தது.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். புண் ஆற மருந்து கொடுத்தார்கள். அத்தை பிழைத்துவிட்டார். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் யோசித்துப் பார்த்தால், அத்தையைச் சாவின் பக்கத்தில் கொண்டு போய் நிறுத்தியது ஆபரேஷன் இல்லை. அதை மறைத்ததுதான். அந்த வெட்கத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள்?

விஷயம் தெரிந்த அடுத்த வாரமே பதில் கிடைத்தது. "ஓஹோ, ஆபரேஷன் பண்ணித்தான் குறைச்சாளா? நான் என்னவோ கஷ்டப்பட்டுக் குறைச்சானு நெனச்சேன்." இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி அத்தைக்குத் துணைக்கு இருந்தவர். இந்த வாக்கியத்தில்தான் எல்லாமே இருக்கிறது. உடம்பு பருத்தது அவள் தப்பு. தப்புக்குத் தண்டனையாகப் பட்டினி கிடந்து, வியர்வை சிந்திக் குறைத்தால் மன்னிப்பு. ஆபரேஷன் செய்துகொண்டால் தண்டனையிலிருந்து தப்பித்த குற்றவாளி.

இது நம்ம ஊர் புத்தி மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வர்தானியன், ஃபார்டூலி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எடை குறைத்த ஒருவரின் படத்தைக் காட்டி, அவர் எப்படிக் குறைத்தார் என்பதை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி என்று கேட்டவர்களைவிட, ஆபரேஷன் என்று கேட்டவர்கள் அவரை அதிக சோம்பேறி என்றும், திறமை குறைந்தவர் என்றும் மதிப்பிட்டார்கள். அதே மனிதர், அதே எடைதான்! மதிப்பெண் மட்டும் குறைந்துவிட்டது.

சரி, "குறுக்கு வழி" என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறதா? கொஞ்சம் தேடிப் படித்தேன்.

முதலில், எடை என்பது முழுக்க மன உறுதியின் கணக்கா? ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மனநல மருத்துவர் 1986-ல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். அவர்களுடைய பருமன், பெற்ற தாய் தகப்பனின் பருமனோடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களின் பருமனோடு எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஒரே அடுப்படியில் சாப்பிட்டும் கணக்கு வேறு வீட்டில் இருந்து வந்திருக்கிறது! சாப்பாடும் நடையும் முக்கியம் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. எல்லோரும் ஒரே கோட்டில் இருந்து ஓட ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, குறைத்த எடை ஏன் திரும்ப வருகிறது? அமெரிக்காவில் எடை குறைக்கும் போட்டி ஒன்று டி.வி.யில் பிரபலமாக இருந்தது, பெயர் 'தி பிக்கெஸ்ட் லூசர்'. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளர் குழுவினர் பரிசோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு வருடத்தில் 41 கிலோ திரும்ப வந்துவிட்டது. அதைவிட முக்கியமான விஷயம், அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு முடிவு செய்து செலவைக் குறைத்துவிட்டது. பஞ்சம் போனது என்று ஆறு வருடம் கழித்தும் அதற்குத் தெரியவில்லை. அத்தையின் 14 கிலோவும் 17 கிலோவும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது, ஆபரேஷன் என்னதான் செய்கிறது? வயிற்றைச் சின்னதாக்குகிறது, அவ்வளவுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் க்ரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து "பசிக்கிறது" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன். உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களுக்கு இது அதிகமாகிறது என்றும், இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு மிகவும் குறைந்திருந்தது என்றும் 2002-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இந்த ஒரு ஹார்மோன் மட்டும் இல்லை, குடலில் சுரக்கும் வேறு சிலவும் மாறுகின்றன. பட்டினி கிடப்பவர் தன் பசியோடு தினமும் மல்லுக்கட்டுகிறார். ஆபரேஷன் அந்தப் பசியின் குரலையே கொஞ்சம் அடக்கி வைக்கிறது. கண் தெரியாதவருக்குக் கண்ணாடி கொடுப்பது குறுக்கு வழி என்றால் இதுவும் குறுக்கு வழிதான்.

பலன் இருக்கிறதா என்றால், ஸ்வீடனில் 1987-ல் ஆரம்பித்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வு இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், செய்துகொள்ளாத அதே அளவு பருமனானவர்களைவிடச் சராசரியாக 3 வருடம் அதிகம் வாழ்ந்தார்கள் என்று 2020-ல் வெளியிட்டார்கள். (ஆனாலும் சாதாரண மக்கள்தொகையைவிட 5.5 வருடம் குறைவுதான். மந்திரம் ஒன்றும் இல்லை.) சுகருக்கு, அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் 150 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஐந்து வருட முடிவில் எச்.பி.ஏ.1.சி. 6 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23 சதவீதம்.

இப்படி எழுதுவதால் எல்லோரும் போய் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். இது பெரிய ஆபரேஷன். 2024-ல் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்தது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அரசு விசாரணை நடத்தி, ஆஸ்பத்திரியின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்தக் குடும்பத்துக்கு எந்தப் புள்ளிவிவரமும் ஆறுதல் இல்லை. அமெரிக்காவில் பத்து மையங்களில் 4,776 பேரைக் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். ஆயிரத்தில் மூன்று பேர். குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அதற்குப் பிறகும் சத்துக் குறைபாடு, குடல் அடைப்பு, எடை ஓரளவு திரும்ப ஏறுவது எல்லாம் உண்டு. பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறும், குடிப்பழக்கம் வளரும் ஆபத்தும் கூடும். யார் செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள், அவசரம் வந்தால் ஐ.சி.யு. இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

ஆனால் பயம் வேறு, இளக்காரம் வேறு. பயம் கேள்வி கேட்க வைக்கும். இளக்காரம் வாயை அடைக்கும். மறைத்துச் செய்பவர் யாரிடம் போய் "இந்த டாக்டர் எப்படி, அந்த ஆஸ்பத்திரி எப்படி" என்று விசாரிப்பார்? மூட்டு மாற்று என்றால் தெருவில் நாலு பேரைக் கேட்கலாம். இதற்கு விளம்பரத்தைத்தான் நம்ப வேண்டும். ஆபத்தைக் குறைக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைப்பவர்கள் முதலில் வெட்கத்தைக் குறைக்க வேண்டும்.

நான் பி.காம். படிப்பவன். எனக்கு மருத்துவத்தைவிட இன்சூரன்ஸ் பாலிசி கொஞ்சம் புரியும். அத்தையின் ஃபைலைப் பார்த்தபோது பாலிசி பத்திரத்தில் ஒரு பிரிவு கண்ணில் பட்டது. முன்பெல்லாம் உடல் பருமன் சிகிச்சை என்றாலே பல பாலிசிகளில் கிளெய்ம் கிடையாது, அழகுக்காகச் செய்வதோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். 2019-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எதையெல்லாம் விலக்கலாம் என்பதை ஒரே மாதிரி வரையறுத்தது. அதன்படி டாக்டர் பரிந்துரை இருந்து, 18 வயது முடிந்து, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் கிளெய்ம் உண்டு. 35-க்கு மேல் என்றால் கட்டுப்படாத சுகர், இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு மாதிரி நோய் ஏதாவது இருக்க வேண்டும், ஆபரேஷன் இல்லாத மற்ற முறைகளை முயன்று பலன் இல்லாமல் போயிருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையை இரண்டு முறை படித்தேன். பெரிய வழியில் நடந்து பார்த்துத் தோற்றவர்களுக்குத்தான் இந்தக் "குறுக்கு வழி"யே திறக்கிறது! ஒரு ரூபாய் கொடுப்பதற்கு நூறு கேள்வி கேட்கும் இன்சூரன்ஸ்காரர்களே இதைச் சிகிச்சை என்று ஒத்துக்கொண்டு பணம் கொடுக்கிறார்கள். நம்ம சொந்தக்காரர்கள்தான் இன்னும் கிளெய்மை ரிஜெக்ட் செய்துகொண்டிருக்கிறார்கள் :-)

பெரிய மனிதர்களும் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். நிதின் கட்கரி 2011-ல், அருண் ஜெட்லி நிதியமைச்சராக இருந்தபோது 2014-ல், மரடோனா 2005-ல் கொலம்பியாவில். ஜெட்லி செய்துகொண்ட அறுவை சிகிச்சை அன்றைய செய்திகளிலேயே வெளிப்படையாக வந்தது. அதே சமயம் அமெரிக்காவில் நியூ ஜெர்சி கவர்னராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி 2013 பிப்ரவரியில் வயிற்றில் பட்டை போடும் ஆபரேஷனை ரகசியமாகச் செய்துகொண்டார். மே மாதம் ஒரு பத்திரிகை விசாரித்த பிறகுதான் வெளியே சொன்னார். ஒரு மாநிலத்தையே ஆள்பவருக்கே சொல்லத் தயக்கம் என்றால், எங்கள் அத்தை சேலைக்கு அடியில் மாத்திரையை ஒளித்ததில் என்ன ஆச்சரியம்?

பெண்களுக்கு இன்னொரு சுமை கூடுதல். கல்யாணம் ஆகாத பெண் என்றால் "மாப்பிள்ளைக்காகப் பண்ணிக்கிட்டா", ஆன பெண் என்றால் "இந்த வயசுல யாருக்காக இந்த அழகு". அத்தை முழங்கால் வலி இல்லாமல் மாடி ஏற ஆசைப்பட்டார். தூக்கத்தில் சாகாமல் காலையில் எழுந்திருக்க ஆசைப்பட்டார். அழகு என்ற பேச்சே அவர் வாயில் நான் கேட்டதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் "தின்னே பெருத்தா" என்றவர்கள்தான், பின்னால் "ஏன் திங்க மாட்டேங்கிறா" என்கிறார்கள். இரண்டு பக்கமும் அடிப்பதற்கு மத்தளமா அவர்?

இது எங்கள் வீட்டுப் பிரச்சனை மட்டும் இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். ஆண்களில் 37 சதவீதம். இவர்களில் ஆபரேஷன் தேவைப்படுபவர்கள் சிறு பங்குதான். ஆனால் வீட்டுக்கு ஒருவராவது இந்தக் கணக்கில் இருக்கிறார். 2025-ல் இந்தியாவுக்கு எடை குறைக்கும் ஊசிகள் வந்துவிட்டன, மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வீகோவி. ஆபரேஷனுக்குச் சொன்ன அதே வசனத்தை இப்போது ஊசிக்கும் சொல்கிறார்கள்: "ஓ, ஊசி போட்டுத்தான் குறைச்சானா?" சுகருக்கு ஊசி போட்டால் நோயாளி, எடைக்குப் போட்டால் ஏமாற்றுக்காரன். 2020-ல் பல நாட்டு நிபுணர்களும் மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து, உடல் பருமனைச் சுற்றி இருக்கும் இந்த இழிவுபடுத்தல் நோயாளிகளின் உடம்பையும் மனதையும் கெடுக்கிறது, சிகிச்சை கிடைப்பதையும் தடுக்கிறது என்று கூட்டறிக்கையே வெளியிட்டார்கள். அறிக்கை எங்கள் பந்தி வரைக்கும் வந்து சேரவில்லை.

அத்தை இப்போது எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார். பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறார். "இரைப்பை பைபாஸ் ஆகியிருக்கிறது, இந்த வகை வலி மாத்திரை கொடுக்கக் கூடாது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்தான் டைப் செய்து கொடுத்தேன். மாத்திரை டப்பா சாப்பாட்டு மேஜை மேல் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பின்னால் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் போன மாதம் எங்கள் தெருவில் இருந்து ஒரு அக்கா ராத்திரி எட்டு மணிக்கு மேல், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அத்தை வீட்டுக்கு வந்து, எவ்வளவு செலவாச்சு, எந்த டாக்டர், வலிக்குமா என்று ஒன்றரை மணி நேரம் கேட்டுவிட்டுப் போனார். அத்தை நல்லதையும் கெட்டதையும், அந்தக் கருப்பு மலம் போன கதையையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது திடீரென்று இளைத்திருந்தால் "எப்படிக் குறைச்ச?" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். ஆபரேஷன் என்று அவர்களே சொன்னால், "இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள், பித்தப்பைக் கல்லுக்குக் கேட்பது மாதிரியே. பந்தியில் ஒருவர் போதும் என்று இலையை மறைத்தால் நம்பிவிடுங்கள். ஜாங்கிரி மிச்சமானால் வேறு யாராவது சாப்பிட்டுக்கொள்வார்கள்.